கணிதக் கல்வியில் பி.எச்டி.: எந்தத் துறையில், யாரிடம், எந்தக் கேள்வியோடு?

மல்லிகைக்கொடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியையாகக் கணிதம் எடுக்கிறேன். எம்.எஸ்சி. கணிதமும் பி.எட். படிப்பும் முடித்திருக்கிறேன், எம்.எட். படிக்கவில்லை. பி.எச்டி. செய்ய வேண்டும் என்ற எண்ணம் வெகுநாளாக உண்டு. இப்போது அது ஒரு குறிப்பிட்ட விஷயத்தையே சுற்றிச் சுற்றி வருவதால் இங்கே கேட்கிறேன்.

ஏழாம் வகுப்பில் இயற்கணிதம் தொடங்குமுன் கரும்பலகையில் 8 + 4 = □ + 5 என்று எழுதி, கட்டத்தில் என்ன வரும் என்று கேட்டேன். பெரும்பாலோர் 12 என்றார்கள். சிலர் அதோடு நிற்காமல் 5-ஐயும் கூட்டி, கடைசியில் இன்னொரு சமக்குறி போட்டு 17 என்று முடித்திருந்தார்கள். கணக்கில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய மாணவியை அழைத்து, "7 வரக் கூடாதா?" என்றேன். "சமக்குறிக்குப் பக்கத்தில் விடைதானே டீச்சர் வர வேண்டும்? எட்டும் நாலும் ஏழு ஆகாதே" என்றாள்.

அவள் சொன்னதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் பார்த்த கணக்குகளில் பெரும்பாலானவை இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை என்றே இருந்திருக்கின்றன. இந்தப் புரிதலோடு 2x + 3 = x + 7 என்பதற்கு வந்தால், பக்கம் மாறினால் குறி மாறும் என்று மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுவாள். உள்ளே என்ன நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். அதைத்தான் ஆராய விரும்புகிறேன்.

கல்லூரித் தோழிகள், "கிராஃப் தியரியில் லேபிளிங் எடு, சீக்கிரம் முடியும்" என்கிறார்கள். புள்ளிகளையும் கோடுகளையும் கொண்ட வரைபுகளுக்கு எண்ணிடும் கணிதப் பிரிவு அது. பள்ளியில் மூத்தவர்கள், "கல்வியியலில் செய், சுலபம்" என்கிறார்கள். இரண்டு யோசனையும் என் கேள்வியைத் தொடவில்லை. எந்தத் துறையில் பதிவு செய்வது? எம்.எட். இல்லாமல் முடியுமா? வேலையை விடாமல் செய்ய வழி உண்டா?

சுழியம் எழுதியது:

அம்மா, நான் அரசுக் கலைக் கல்லூரிக் கணிதத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆய்வின் அழகைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் வயிற்றுப்பாட்டைச் சொல்கிறேன், ஏனென்றால் பட்டம் வாங்கிய பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை.

கல்வியியல் துறையில் பதிவு செய்து பெறும் பி.எச்டி., தலைப்பு கணிதம் கற்பித்தலாகவே இருந்தாலும், சான்றிதழில் கல்வியியல் பட்டம்தான். கலைக் கல்லூரியின் கணிதத் துறை உதவிப் பேராசிரியர் பணிக்கு அதைக் கொண்டுபோனால், தொடர்புடைய பாடம் இல்லை என்று ஒதுக்கப்படவே வாய்ப்பு அதிகம். அது உங்களைப் பி.எட். கல்லூரிக்கும், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கும், பாடநூல் பணிக்கும், கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் கொண்டுபோகும். அவற்றில் பல பணிகளுக்கு எம்.எட். பட்டமும் தேவைப்படும். தகுதித் தேர்வும் அப்படியே. நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் கணிதத்துக்கு சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம்) நெட், கல்வியியலுக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நெட். இரண்டும் வேறு வேறு வாசல்கள்.

2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட், ஸ்லெட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி, பி.எச்டி. கட்டாயம் இல்லை. ஆகவே வேலைக்காக மட்டும் பி.எச்டி. என்றால் அவசரப்பட வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வேலைக்காக மட்டும் கேட்கவில்லை என்று தெரிகிறது. கிராஃப் லேபிளிங்கில் நல்ல கணிதம் செய்பவர்களும் இருக்கிறார்கள். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மனம் அந்த மாணவியின் பதிலில் இருக்கிறது. அங்கே இருக்கும்போது வேறு எதில் பதிவு செய்தாலும் மூன்றாம் ஆண்டில் சலித்துவிடும்.

தாமிரபரணி எழுதியது:

வணக்கம் அக்கா. நான் மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் கணிதக் கல்வியில் ஆய்வு செய்தவன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம். எம்.எட். இல்லாமல் போனவன், எம்.எஸ்சி. கணிதம் மட்டுமே.

இந்த மையம் 1974-ல் தொடங்கப்பட்டது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஓர் அங்கம். பட்டமும் அந்த நிறுவனத்தின் பெயரில்தான் வரும். அறிவியல் கல்வி என்ற பொதுப் பெயருக்குள் கணிதக் கல்வியும் அடங்கும். எழுத்துத் தேர்வு, நேர்காணல் என்று சேர்க்கை நடக்கும். நேர்காணலில் என்னிடம் பெரிய தேற்றம் எதையும் கேட்கவில்லை. ஒரு மாணவன் எழுதிய தவறான விடையைக் காட்டி, இவன் எப்படி யோசித்திருப்பான், அதை உறுதிப்படுத்த அடுத்து என்ன கேட்பாய் என்றார்கள். உங்கள் சமக்குறிக் கதையைச் சொன்னாலே நேர்காணல் பாதி நடந்ததாகிவிடும்.

உங்கள் கேள்வி புதியது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும்; சோர்ந்துவிடாதீர்கள், இது நல்ல செய்தி. நீங்கள் எழுதிய அதே கணக்கு, அதே எண்கள், 1999-ல் வெளிவந்த ஓர் அமெரிக்கக் கட்டுரையில் இருக்கிறது. ஃபால்க்னர், லெவி, கார்ப்பென்டர் என்ற மூவர் எழுதியது. 145 ஆறாம் வகுப்பு மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒருவர் விடாமல் அனைவரும் 12 அல்லது 17 என்றே எழுதினார்கள். திண்டுக்கல் மாணவியும் அமெரிக்க மாணவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள் என்றால், காரணம் பிள்ளைகளின் திறமையில் இல்லை. எண் கணிதம் நமக்கு அறிமுகமாகும் முறையில் இருக்கிறது.

அதற்குப் பிறகு இங்கேயே நடந்த வேலையும் உண்டு. கே. சுப்பிரமணியம், ராக்கி பானர்ஜி இருவரும் எங்கள் மையத்தில், எண் கணிதத்திலிருந்து இயற்கணிதத்துக்குப் போகும் பாதையை ஆராய்ந்தார்கள். கட்டுரை 2012-ல் வந்தது. 19 − 3 + 6 என்று கொடுத்தால் பல பிள்ளைகள் 3-ஐயும் 6-ஐயும் முதலில் கூட்டி 19 − 9 என்று செய்துவிடுவார்கள். முன்னால் நிற்கும் கழித்தல் குறி அவர்கள் கண்ணில் 3-உடன் ஒட்டுவதில்லை. அதனால் கோவையை +19, −3, +6 என்று உறுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பெட்டிக்குள் அடைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்த வரிசையில் எடுத்தாலும் மதிப்பு மாறாது என்பது அப்போது பிள்ளைகளுக்கே தெரிகிறது. இந்த வேலையைப் படித்துவிட்டு, உங்கள் வகுப்பில் இன்னும் விளங்காமல் இருப்பது எது என்று பாருங்கள். ஆய்வுக்கேள்வி அங்கேதான் இருக்கும்.

கரும்பலகை எழுதியது:

தலைமை ஆசிரியராக இருப்பவன் என்ற முறையில் மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன். யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை.

கல்வியியல் ஆய்வேடுகளில் நான் பார்த்தவை ஒரே அச்சில் இருந்தன. "ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கணித அடைவுக்கும் கணிதப் பதற்றத்துக்கும் உள்ள தொடர்பு." மாவட்டத்தை மாற்றினால் ஓர் ஆய்வேடு, வகுப்பை மாற்றினால் இன்னோர் ஆய்வேடு. வினாத்தாளைக் கட்டாகக் கொண்டுவந்து, பாடவேளையைக் கேட்டு வாங்கி, நிரப்பச் சொல்லிப் போய்விடுவார்கள். முடிவு என்ன ஆயிற்று என்று பள்ளிக்கு ஒரு தாள் கூட வராது. பதற்றம் அதிகமானால் மதிப்பெண் குறையும் என்பதை அறிய எங்களுக்கு ஆய்வு தேவையில்லை.

மல்லிகைக்கொடி ஏற்கெனவே நல்ல ஆசிரியை என்று அவர் எழுதியதிலேயே தெரிகிறது. அவர் ஐந்தாறு ஆண்டுகளை ஆய்வேட்டுக்குக் கொடுத்தால், அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு? சமக்குறியைப் பற்றி அவர் கண்டறிந்ததைத் தன் வகுப்பிலேயே சரிசெய்யலாமே. அதற்குப் பட்டம் எதற்கு?

ஆழிமுத்து எழுதியது:

கரும்பலகை ஐயாவின் ஆதங்கம் நியாயமானது. அந்த அச்சில் நானும் அகப்பட்டிருக்கிறேன். இப்போது ஒரு பி.எட். கல்லூரியில் கணிதக் கற்பித்தல் முறை எடுக்கிறேன். என் பி.எச்டி. காலத்தில், பின்னங்களைப் பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று நேர்காணல் வழியாக ஆராய வேண்டும் என்று எழுதிக்கொண்டு போனேன். என் நெறியாளர் தாளைத் திருப்பிக் கொடுத்து, "மாதிரி 600 பேராவது வேண்டும், டி-சோதனை (இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) வேண்டும், இல்லாவிட்டால் குழுவில் தேறாது" என்றார். அறுநூறு பேருக்கு வினாத்தாள் கொடுத்தேன். பட்டம் வந்தது. அதிலிருந்து ஒரு வரியைக் கூட என் மாணவ ஆசிரியர்களிடம் இன்று எடுத்துச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் மல்லிகைக்கொடிக்கு அழுத்திச் சொல்கிறேன்: பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். நெறியாளர் இதுவரை நெறிப்படுத்திய இரண்டு மூன்று ஆய்வேடுகளைக் கையில் எடுத்து, அவற்றில் ஒரு பிள்ளையின் குரலாவது கேட்கிறதா என்று பாருங்கள். யு.ஜி.சி. ஆய்வேடுகளை சோத்கங்கா தளத்தில் ஏற்றச் சொல்லியிருப்பதால் பெரும்பாலானவை அங்கேயே இலவசமாகப் படிக்கக் கிடைக்கும்.

ஆனால் ஐயா, "வகுப்பிலேயே சரிசெய்யலாமே" என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். 1973-ல் எர்ல்வாங்கர் என்பவர் அமெரிக்காவில் ஒரே ஒரு சிறுவனைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பெயர் பென்னி, வயது 12. பிள்ளைகள் தாங்களாகவே பயிற்சித்தாள்களைச் செய்து, தேர்ச்சி பெற்று, அடுத்த நிலைக்கு நகரும் ஒரு திட்டத்தில் அவன் படித்தான். நன்றாக முன்னேறுபவன் என்றே ஆசிரியை நினைத்திருந்தார். எர்ல்வாங்கர் உட்கார்ந்து பேசியபோது, 2/10-ஐத் தசமமாக எழுதச் சொன்னால் அவன் 1.2 என்றான். 5/10 என்றால் 1.5. மேலெண்ணையும் கீழெண்ணையும் கூட்டி, நடுவில் ஒரு புள்ளி வைத்துக்கொள்வது அவன் விதி. 10/5 கொடுத்தாலும் அதே 1.5. இரண்டும் ஒன்றாக இருப்பது அவனை உறுத்தவே இல்லை. கணிதம் என்பது யாரோ எப்போதோ வகுத்த விதிகளின் குவியல், விடைத்தாளில் இருப்பதோடு பொருந்தும் விதியைத் தேடிப் பிடிப்பதே தன் வேலை என்று அவன் நம்பினான்.

பென்னியின் ஆசிரியை கெட்டவர் இல்லை. அவரிடம் இருந்தது மதிப்பெண் பட்டியல் மட்டுமே. அந்தச் சிறுவனோடு பொறுமையாக உட்கார ஒருவருக்கு நேரமும் பயிற்சியும் தேவைப்பட்டன. அப்படி உட்கார்ந்ததால், தனியே படித்துத் தேறும் திட்டங்கள் மீதே கேள்வி எழுந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் கணிதக் கல்வி படிப்பவர்கள் அதைப் படிக்கிறார்கள். அறுநூறு பேருக்கு நான் கொடுத்த வினாத்தாள் சாதிக்காததை அந்த ஒரு சிறுவனைப் பற்றிய கட்டுரை சாதித்தது.

சுழியம் எழுதியது:

ஆழிமுத்து சொல்வதைக் கணிதக்காரனாக ஒருமுறை சந்தேகிக்கிறேன். ஒரு பையனை வைத்துப் பொதுமுடிவு எப்படிச் சொல்ல முடியும்?

தாமிரபரணி எழுதியது:

ஐயா, எதிர்க்காட்டுக்கு ஒன்று போதுமே. தேர்ச்சி பெற்றவன் புரிந்துகொண்டவன் என்பது அந்தத் திட்டத்தின் அடிப்படை நம்பிக்கை. அது பொய்யாகக் கூடும் என்று காட்ட ஒரு பென்னி போதும். எத்தனை பென்னிகள் இருக்கிறார்கள் என்று அறிய எண்ணிக்கை வேண்டும். அது வேறு ஆய்வு, வேறு முறை. இரண்டும் தேவை. எந்தக் கேள்விக்கு எந்த முறை என்று தெரியாமல் டி-சோதனையைப் பிடித்துக்கொள்வதே நம் ஊர்ப் பிணி.

எண்ணிக்கையும் பேச்சும் ஒன்றாக வந்த ஆய்வும் உண்டு. பிரேசிலின் ரெசிஃபே நகரில் காராஹெர் தம்பதியும் ஷ்லீமனும் செய்தது, 1985-ல் வெளிவந்தது. சந்தையிலும் தெருமுனையிலும் விற்கும் ஐந்து பிள்ளைகள், 9 முதல் 15 வயது வரை. ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்களாகப் போய்ப் பொருள் வாங்கினார்கள். தேங்காய் ஒன்று 35 குரூசேரோ (பிரேசிலின் அன்றைய நாணயம்). நான்கு எவ்வளவு என்று ஒரு சிறுவனிடம் கேட்டார்கள். மூன்றின் விலை 105 என்று தொடங்கி, 30 கூட்டி 135 என்று போய், கடைசியில் 140 என்று சரியாகச் சொன்னான். பிறகு காகிதத்தில் 35 × 4 கொடுத்தார்கள். நாலைந்து இருபது, மீதி 2, அந்த இரண்டையும் 3-ஐயும் கூட்டினால் 5, ஐநாலு இருபது. விடை 200 என்று எழுதினான். சந்தையில் 98 விழுக்காடு விடைகள் சரி. காகிதத்தில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காடு மட்டுமே சரி.

நம் ஊரில் பூ கட்டும் பிள்ளைகளும், தறியில் உதவும் பிள்ளைகளும், காய்கறிக் கடையில் நிற்கும் பிள்ளைகளும் என்ன கணக்குப் போடுகிறார்கள் என்று நாம் எவ்வளவு பதிவு செய்திருக்கிறோம்? எங்கள் மையத்தில் ஒருவர் மும்பையின் நெரிசலான குடியிருப்பு ஒன்றில் வேலைக்கும் பள்ளிக்கும் போகும் பிள்ளைகளின் கணித அறிவை ஆராய்ந்தே பட்டம் பெற்றார். தமிழில் இப்படிப்பட்ட வேலைக்கு இடம் காத்துக் கிடக்கிறது.

கரும்பலகை எழுதியது:

35 × 4 = 200 என்ற அதே வழியை என் ஐந்தாம் வகுப்பு நோட்டுகளில் பார்த்திருக்கிறேன். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் எழுதிவிடுவோம். மீதியைக் கூட்டிய பிறகு பெருக்குகிறான் என்று நின்று பார்ப்பதில்லை. பென்னி பற்றிய செய்தியும் யோசிக்க வைக்கிறது. பள்ளிக்கு என்ன திரும்பி வருகிறது என்ற என் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

மல்லிகைக்கொடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கரும்பலகை ஐயா, உங்கள் கேள்வியை நான் என் ஆய்வுத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்கிறேன். எந்தப் பள்ளியில் தரவு எடுத்தாலும் அந்த ஆசிரியர்களோடு உட்கார்ந்து அதைப் பேசாமல் ஆய்வேட்டை ஒப்படைக்க மாட்டேன்.

மும்பைக்கு முழுநேரமாகப் போவது எனக்கு இப்போது கடினம். மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். மாமியாரும் எங்களோடு இருக்கிறார். பகுதி நேரமாகச் செய்தால் மதிப்பு குறைவா? தொலைதூரக் கல்வியில் சில இடங்களில் பி.எச்டி. தருவதாக விளம்பரம் வருகிறதே, அது செல்லுமா?

ஆழிமுத்து எழுதியது:

தொலைதூரத்திலோ இணையவழியிலோ பி.எச்டி. செல்லாது. 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. விதிகளில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. அந்த விளம்பரங்களுக்கு ஒரு ரூபாய் கூடக் கட்டிவிடாதீர்கள்.

பகுதி நேர பி.எச்டி. அதே விதிகளின்படி செல்லும். பட்டத்தில் வேறுபாடு இல்லை. பணிபுரியும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். ஆய்வுக்கு நேரம் ஒதுக்கப் பணி இடம் தரும் என்றும், கோர்ஸ் ஒர்க் (பி.எச்டி.யின் பகுதியாகப் படிக்க வேண்டிய பாடங்கள்) முடிக்கத் தேவைப்பட்டால் விடுவிப்போம் என்றும் அதில் இருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளி என்பதால் நிர்வாகத்திடம் பேசி, உயர்கல்விக்கான துறையின் முன் அனுமதியையும் சேர்க்கைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். சேர்ந்த பிறகு அனுமதி கேட்டு அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காலம் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்து இரண்டு ஆண்டு நீட்டிக்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு முறையியலும் ஆய்வு நெறிமுறையும் அதில் கட்டாயம். ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற பழைய கட்டாயம் இந்த விதிகளில் இல்லை. ஆனால் பல்கலைக்கழகம் தானாக வைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பேராசிரியர் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கு மேல் நெறிப்படுத்தக் கூடாது. அதனால் நல்ல நெறியாளரிடம் இடம் காலியாக இருக்கிறதா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே விசாரியுங்கள்.

உங்களுக்கு அருகிலேயே காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகமும் எட்டும் தூரம்தான். சென்னையில் 2008-ல் தொடங்கிய ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்வியியல் துறைகள் பெரும்பாலும் எம்.எட். அல்லது எம்.ஏ. கல்வியியல் கேட்கும். கணிதத் துறை ஒன்றில் கல்வி பற்றிய ஆய்வை ஏற்கும் நெறியாளர் கிடைத்தால் அந்தத் தடை இல்லை. ஆனால் நம் பக்கம் அப்படிப்பட்டவர் அரிது. உண்மையைச் சொன்னால், எம்.எட். இரண்டு ஆண்டை வீண் என்று நினைக்காதீர்கள். கற்றல் உளவியலும் கல்விச் சமூகவியலும் தெரியாமல் நேர்காணல் ஆய்வு செய்தால், பிள்ளை சொல்வதைக் கேட்போம், ஆனால் அதை எதோடு சேர்த்து வாசிப்பது என்று தெரியாது.

இன்னொன்று. 2024 ஜூன் முதல் நெட் தேர்வு மதிப்பெண்ணைப் பி.எச்டி. சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம், அந்த வழியில் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 விழுக்காடு. எம்.எட். முடித்துக் கல்வியியலில் நெட் எழுதினால் இரண்டு பயன் ஒன்றாகக் கிடைக்கும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. ஆனால் அது முழுநேர ஆய்வாளருக்குத்தான். வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு.

வடகாற்று எழுதியது:

வெளிநாடு பற்றியும் சிறிது சொல்லிவிடுகிறேன். இங்கே படிக்கும் வேறு யாருக்காவது உதவும். நான் நார்வேயில் ஆய்வு செய்கிறேன். இங்கே பி.எச்டி. மாணவர் சேர்க்கை இல்லை, வேலை விளம்பரம்தான் வரும். பணியாளராக எடுத்துச் சம்பளம் தருவார்கள், மூன்று அல்லது நான்கு ஆண்டுக்கு. கிறிஸ்டியான்சாண்ட் நகரில் உள்ள ஆக்டர் பல்கலைக்கழகத்தில் கணிதக் கல்விக்கென்றே முனைவர் பட்டப் பிரிவு இருக்கிறது.

அமெரிக்காவில் இரண்டு வகை. ஒன்று கல்வியியல் கல்லூரிக்குள் இருப்பது. மற்றொன்று கணிதத் துறையைச் சார்ந்தது. அதில் உயர் கணிதப் பாடங்களையும் படித்தாக வேண்டும். சான் டியேகோவில் இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே பட்டம் தருகின்றன. மிச்சிகன் ஸ்டேட், ஜார்ஜியா போன்ற இடங்களும் இந்தத் துறையில் பெயர் பெற்றவை. அங்கே பள்ளியில் பாடம் எடுத்த அனுபவத்துக்கு மதிப்பு அதிகம். பட்டம் பெற்ற கையோடு விண்ணப்பிக்கும் இளைஞரைவிட மல்லிகைக்கொடி போன்றவருக்கு அது பலம். கற்பித்தல் உதவியாளர் பணியில் கட்டண விலக்கும் உதவித்தொகையும் சேர்ந்து கிடைக்கும் இடங்களுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். சொந்தப் பணத்தில் போகவே வேண்டாம்.

யாழ்வாணி எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். ஆய்வின் நடுவில் இருக்கிறேன், அதுவும் பிள்ளைகளோடு தமிழில் நேர்காணல் செய்து ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் வேலை. மல்லிகைக்கொடி, இதற்கு இப்போதே ஆயத்தமாகுங்கள். ஒரு மணி நேர ஒலிப்பதிவை வரிக்கு வரி எழுத ஒரு முழுநாள் போய்விடும். அதைத் தமிழிலேயே எழுதி, தமிழிலேயே பகுத்து, மேற்கோளாக எடுக்கும் பகுதியை மட்டும் கடைசியில் மொழிபெயருங்கள். தொடக்கத்திலேயே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் பிள்ளையின் தயக்கமும், பாதியில் நிறுத்தித் திருத்திக்கொண்ட இடமும் சுத்தமான வாக்கியத்துக்குள் மறைந்துவிடும். உங்கள் மாணவி சொன்ன "விடைதானே" என்பதில் உள்ள அந்தத் "தானே" உங்கள் தரவு. அதை இழந்துவிடாதீர்கள்.

பெற்றோரின் எழுத்து ஒப்புதல், பிள்ளையின் சொந்தச் சம்மதம், இரண்டும் வேண்டும். பிள்ளை வேண்டாம் என்றால் பெற்றோர் கையெழுத்து இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

மல்லிகைக்கொடி எழுதியது:

முடிவை எழுதிவிடுகிறேன். மும்பை இப்போது இல்லை. வரும் கல்வியாண்டில் எம்.எட். சேர முயல்கிறேன், அது வழக்கமான வகுப்பு என்பதால் விடுப்புக்கு நிர்வாகத்திடம் பேச வேண்டும். அதுவரை காத்திருக்காமல், சில பிள்ளைகளோடு சமக்குறி பற்றிச் சிறு நேர்காணல் செய்து பார்க்கப் போகிறேன். 8 + 4 = □ + 5 மட்டும் இல்லாமல், 9 = 5 + 4 என்று விடை முன்னால் வருவதையும், 6 = 6 என்று கூட்டலே இல்லாததையும் கொடுத்துச் சரியா தவறா என்று கேட்கப் போகிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் பயந்து பேசக் கூடும் என்பதால் வேறு பள்ளி கிடைத்தால் நல்லது. செல்பேசியில் ஒலிப்பதிவு மட்டும் போதுமா?

தாமிரபரணி எழுதியது:

ஒலி மட்டும் போதாது அக்கா. செல்பேசியைச் சிறு தாங்கியில் வைத்து, முகம் படாமல் காகிதமும் கையும் மட்டும் தெரியும்படி படம் எடுங்கள். எந்த எண்ணை விரலால் தொடுகிறார்கள், எங்கே பேனா நிற்கிறது என்பது ஒலியில் வராது. பென்சிலும் அழிப்பானும் கொடுக்காதீர்கள். பேனா கொடுத்து, அடித்து எழுதச் சொல்லுங்கள். "சரி", "தவறு" என்று நீங்கள் வாய் திறக்கக் கூடாது. "வேறு யாராவது 7 என்று சொன்னால் அவர்களிடம் என்ன சொல்வாய்?" என்று கேளுங்கள். ஆசிரியர்களுக்கு இது மிகக் கடினம், உடனே சொல்லிக்கொடுக்க நாக்கு துடிக்கும். நேர்காணல் முழுதும் முடிந்த பிறகு உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள், பிள்ளையைக் குழப்பத்தோடு அனுப்ப வேண்டாம்.

கரும்பலகை எழுதியது:

என் பள்ளி வத்தலக்குண்டு பக்கம். ஆறு, ஏழு இரண்டு வகுப்பும் இருக்கின்றன. பெற்றோர் கூட்டம் அடுத்த மாதம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்பினால் அன்றே நானே விளக்கிக் கையெழுத்து வாங்கித் தருகிறேன். நூலக அறை காலியாகத்தான் இருக்கிறது. ஒரு நிபந்தனை மட்டும்: என் கணித ஆசிரியர்கள் இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள முடியாவிட்டாலும், பிறகு அந்தப் பதிவை அவர்களோடு சேர்ந்து பார்க்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.